பாதம் மரத்துப்போவதற்கும் கூச்செடுப்பதற்கும் காரணங்கள்: எதை முதலில் சந்தேகிப்பது?

பரதராமிப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு வயது 58. இளம் வயது முதல் பீடி சுற்றும் வேலை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துவருகிறார். ஒரு வேண்டுதலுக்காக அசைவத்தை விட்டும் வெகு காலமாகிறது. ஆறு மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும், படுத்தபின் எரிச்சலும் இருக்கின்றன. அண்மையில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே சிறிது தூரம் நடந்திருக்கிறார். மருந்துக்கடையில் கொடுத்த நரம்பு மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். உட்கார்ந்தே வேலை செய்வதால் வந்தது என்று ஒருவரும், முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று இன்னொருவரும், சர்க்கரைதான் என்று சித்தூரில் இருக்கும் உறவினரும் சொல்கிறார்களாம். இந்நிலையில் புரட்டாசியில் வெறுங்காலோடு அலிபிரி வழியாகத் திருமலைக்கு அவர் நடக்கலாமா என்பதும் கேள்வியில் இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், எதை விட்டுவிடக் கூடாது என்பதைச் சொல்ல முடியும். தாங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது எரிச்சல் அன்று, செருப்பு கழன்றது தெரியாமல் போனதுதான். எரிச்சல் உள்ளவர் தூக்கம் கெட்டு எப்படியும் மருத்துவரிடம் வந்துவிடுவார். உணர்ச்சி போனவருக்கு வலியே இல்லாததால் அவர் வருவதில்லை. பாதத்தில் புண் வந்து நாற்றம் எடுத்தபின் வீட்டார்தான் அழைத்துவருவார்கள்.

காரணத்தைத் தேடும்போது பரிசோதனைச் சீட்டுக்கு முன்பாகச் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒரு காலிலா, இரண்டிலுமா? பாதம் முழுவதுமா, ஓரமா, இரு விரல்களுக்கு இடையிலா, அல்லது தோலில் ஒரு திட்டில் மட்டுமா? சில மணி நேரத்தில் வந்ததா, சில நாட்களில் ஏறியதா, மாதக்கணக்கில் ஊர்ந்து வந்ததா? நடந்தால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா? இவற்றுக்குச் சரியான விடை கிடைத்தாலே பாதிக் காரணங்கள் தாமாகக் கழிந்துவிடும்.

இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்த இடம் போல மெல்ல மேலேறும் மரமரப்பு என்றால், கோளாறு ஏதோ ஓரிடத்து நரம்பில் இல்லை, உடல் முழுவதற்கும் பொதுவான ஒன்றில் இருக்கிறது என்று கொள்ளலாம். கால் விரலுக்கு வரும் நரம்பு இழை, கீழ்முதுகிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. உடலிலேயே நீளமான இழைகள் இவை. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் என்பது போல, நரம்புக்கு ஊட்டம் குறைந்தாலும் நஞ்சு சேர்ந்தாலும் முதலில் வாடுவது இந்த நீளமான இழைகளின் நுனிதான். மரமரப்பு முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்குவதற்குக் காரணமும் இந்த நீளக் கணக்குதான். தங்கள் தாயாரின் நிலை இந்த வகையைச் சேர்ந்தது போலத் தெரிகிறது.

இவ்வகையில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 என்ற எல்லைகளை எட்டினாலே சர்க்கரை நோய் என்கிறோம். ஆனால் 100-க்கும் 125-க்கும் இடையில், 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பப்படும் நிலையிலேயே சிலருக்குப் பாதத்து நரம்புகள் பாதிக்கப்படுவதுண்டு. வெறும் வயிற்று அளவு ஒழுங்காக இருப்பதை மட்டும் வைத்து நரம்பு பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. உணவுக்குப் பிந்தைய அளவும், எச்பிஏ1சியும் தெரிய வேண்டும். வெகு நாள் கட்டுக்கு அடங்காமல் இருந்த சர்க்கரையை இன்சுலின் போட்டு மிக வேகமாக இறக்கினால், சிலருக்குச் சில வாரங்களில் எரிச்சல் முன்னிலும் மோசமாவதும் உண்டு. ஊசிதான் காலைக் கெடுத்தது என்று பலர் அப்போது அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், இறக்கும் வேகத்தை அவர் சீர்செய்வார். எரிச்சலும் பெரும்பாலும் மாதங்களில் தணியும்.

சர்க்கரைக்கு அடுத்து, தாங்கள் தந்த விவரங்களின்படி ஏறக்குறைய அதற்குச் சமமாக, நான் சந்தேகிப்பது வைட்டமின் பி12 குறைவு. இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் இருக்கிறது. கீரையிலோ பருப்பிலோ இல்லை. கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால், அசைவத்தை விட்ட உடனே குறைவு தெரியாது. விட்டதையே மறந்துபோன காலத்தில்தான் தெரியும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல், பேன்டப்ரசோல் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் அதே திசையில் தள்ளும். அசைவம் இல்லை, மெட்ஃபார்மின் எட்டு ஆண்டு என்னும் இரண்டும் ஒருவரிடம் சேரும்போது, பாதத்து மரமரப்பை 'சர்க்கரைதானே' என்று சொல்லி விட்டுவிடுவது தவறு. சர்க்கரையால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவது அரிது. பி12 குறைவை உரிய காலத்தில் பிடித்தால் பெருமளவு திருத்த முடியும். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. பி12 அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பி12 குறைவு புறநரம்போடு நிற்பதில்லை. முதுகுத்தண்டின் பின்பகுதியையும் அது தாக்கும். பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்கள். வெளிச்சத்தில் ஒழுங்காக நடப்பவர் இருட்டில் தள்ளாடுவார். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் நிலை தடுமாறுவார். மறதியும் நாக்கில் எரிச்சலும் சேரலாம். இரத்தசோகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்த அளவு சீராகிவிடும், ஆனால் உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

அந்த நரம்பு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் எதுவாயினும் இவற்றில் பெரும்பாலானவற்றில் மெத்தில்கோபாலமின் என்னும் பி12 வகையும், பி1, பி6 போன்றவையும், சிலவற்றில் நரம்பு வலியை அடக்கும் பிரகாபலினும் இருக்கும். இரண்டு மாதம் இதைச் சாப்பிட்டபின் இரத்தத்தில் பி12 அளவு பார்த்தால், உண்மையில் குறைவு இருந்தவருக்கும் அளவு இயல்பாகவோ மிகையாகவோ வரும். காரணம் இதுவா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் போகும். ஆகவே இரத்தம் கொடுக்கும்போது மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, பி6 என்னும் பிரிடாக்சினை மிகையான அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே பாதத்தில் மரமரப்பை உண்டாக்கும். ஒரே சத்து இரண்டு மூன்று அட்டைகளில் வேறு வேறு பெயரில் இருப்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் விழுங்குவோரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உட்கார்ந்து வேலை செய்வது காரணமா? ஓரளவுக்கு இருக்கலாம், ஆனால் அதன் அடையாளம் வேறு. முழங்காலின் வெளிப்புறத்தில் கெண்டை எலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. முறத்தை மடியில் வைத்துக் காலை மடக்கிப் பல மணி நேரம் பீடி சுற்றும்போதோ, குத்துக்காலிட்டுக் களையெடுக்கும்போதோ அது நசுங்கும். அப்போது மரத்துப்போவது பாதத்தின் மேற்புறமும் கெண்டைக்காலின் வெளிப்புறமும். பெரும்பாலும் ஒரு காலில்தான். முற்றினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நுனி தரையில் உரசும். இரண்டு உள்ளங்கால்களும் சமமாக எரிவதை இந்த நரம்பைக் கொண்டு விளக்க முடியாது. இருந்தாலும், முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதில் தாயாருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

முதுகெலும்புத் தேய்மானம் என்ற சொல் எங்கள் வட்டாரத்தில் கால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. 58 வயதில் யாருக்குப் படம் எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியும். அதனாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது. முதுகில் நரம்பு வேர் அழுந்தினால் வலி இடுப்பிலிருந்து தொடைப் பின்புறமாக இறங்கும். ஐந்தாம் இடுப்பு வேர் என்றால் பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும், அதற்கடுத்த வேர் என்றால் சுண்டுவிரல் ஓரமும் மரக்கும். தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு நின்றாலும் நடந்தாலும் கால்கள் கனத்து மரக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விலகும். நடக்க முடியாத அவர்கள் சைக்கிளில் தாராளமாகப் போவார்கள். இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், ஆனால் அங்கே குனிய வேண்டியதில்லை, நின்றாலே போதும், விலகிவிடும். பாதம் சில்லிட்டு, நாடித்துடிப்பு கிடைக்காமல் இருக்கும். பீடி பிடிக்கும் இளம் ஆண்களுக்குக் கால் விரல் கறுத்து அழுகும் பர்கர் நோய் இந்த இனத்தைச் சேர்ந்தது. புகையை முழுதாக விட்டால் ஒழிய அதற்கு வேறு வழி கிடையாது.

அடுத்துச் சொல்லப்போவது தங்கள் தாயாருக்கு இருக்கும் என்பதற்காக அன்று. வேலூர், சித்தூர் எல்லையில் பாத மரமரப்பைப் பற்றி எழுதும் எவரும் இதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தொழுநோயில் மரமரப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் சமமாக வராது. தோலில் வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதன்மேல் வியர்வையும் தொடு உணர்ச்சியும் இரா. கெண்டை எலும்புத் தலையிலோ, உட்புறக் கணுக்காலின் பின்னாலோ, முழங்கையிலோ நரம்பு கயிறு போலத் தடித்துத் தட்டுப்படும். இந்தியா 2005-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே தொழுநோயைக் கொண்டுவந்தது. 'ஒழிப்பு' என்று அறிவிக்கப்பட்டது இந்த அளவைத்தான், நோயே இல்லாத நிலையை அன்று. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமைன் அடங்கிய கூட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடும்.

உணர்ச்சியற்ற பாதத்தை எப்படிப் பேணுவது என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று என்பதைச் சிறு பெருமையோடு குறிப்பிடலாம். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலும் சூட்டாலும் அழுத்தத்தாலும்தான் அழிகின்றன என்று காட்டினார்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் மருத்துவமனையிலும் இந்தப் பணி தொடர்ந்தது. நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அன்று தொழுநோயாளிகளுக்காக வந்தது. இன்று அதைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறோம், ஏனெனில் இரு பாதங்களின் ஆபத்தும் ஒன்றுதான். தக்காளி மண்டியில் கூடை தூக்கும் ஒருவர் வேறு எதற்கோ வந்தபோது செருப்பைக் கழற்றச் சொன்னேன், செருப்பு கழலவில்லை. அடியில் ஏறிய ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலிலும் இறங்கியிருந்தது. அவர் அதோடு பலமநேரிலிருந்து பேருந்தில் வந்திருந்தார்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாள்தோறும் குடிப்பவர்களுக்கு மதுவும், அதனால் வரும் பி1 குறைவும், தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, எச்.ஐ.வி.; காசநோய்க்கான ஐசோநியாசிட், லைனசோலிட்; வின்கிரிஸ்டின், பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள். குறுகலான காலணி அணிபவர்களுக்கு மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்து, கூழாங்கல்லை மிதித்தது போல வலிக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் காலணி வேலை செய்பவர் எவருக்கேனும் பாதம் மரத்தால், ஒட்டும் பசையைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். சில பசைகளில் கரைப்பானாகச் சேரும் என்-ஹெக்சேன், காற்றோட்டமில்லாத அறையில் மாதக்கணக்கில் மூச்சில் போனால் நரம்பைக் கெடுக்கும்; இத்தாலியிலும் ஜப்பானிலும் செருப்புத் தொழிலாளர்களிடம் இது முன்பே கண்டறியப்பட்டது. அந்த வேலையை விட்ட பிறகும் சில மாதங்கள் கோளாறு கூடிக்கொண்டே போய் அப்புறம்தான் திரும்பும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரத்தில் பாதத்தில் கூச்செடுத்து, நாளுக்கு நாள் பலவீனம் மேலேறி, மாடிப்படி ஏற முடியாமல் போனால் அது, உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கீயான்-பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளை எட்டும்முன் செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்துவாரத்தைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் உணர்ச்சி போய், சிறுநீர் கட்டிக்கொண்டால் முதுகில் நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று பொருள்; அறுவைக்கு மணிக்கணக்குதான் அவகாசம். ஒரு பக்கக் கை, கால், முகம் திடீரென்று மரத்தால் பக்கவாதம். ஒரு கால் சட்டென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் இரத்தக்குழாய் அடைப்பு. இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

தாயாரை அழைத்துச் செல்லும்போது, இரு செருப்புகளையும் கழற்றி உள்ளங்காலைப் பார்க்கும் மருத்துவராக இருக்கட்டும். பாதப் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை, கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்பகுதியிலும் வளையும் வரை அழுத்துவார்கள். ஏதாவது ஓரிடத்தில் தெரியாமல் போனாலும், அந்தப் பாதம் காயத்தை உணராது என்று கொள்ள வேண்டும். பெருவிரல் எலும்பின்மேல் நொடிக்கு 128 அதிர்வுள்ள இசைக்கவையை வைத்து அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பார்கள். குதிகாலின் பின்னுள்ள தசைநாணைத் தட்டிப் பார்ப்பார்கள். பாதத்தில் இரண்டு இடத்து நாடியைத் தொடுவார்கள். இரத்தத்தில் சர்க்கரை, எச்பிஏ1சி, பி12, தைராய்டு, கிரியேட்டினின், இரத்த அணுக்கள், இவ்வளவு போதும். நரம்பு மின்கடத்தல் சோதனை எல்லாருக்கும் தேவையில்லை. எரிச்சலைத் தரும் நுண்ணிய இழைகள் கெட்டிருக்கும்போது அது இயல்பாகவே வரும், 'ஒன்றுமில்லை' என்ற பொய்யான ஆறுதலையும் கொடுத்துவிடும்.

திருமலைக்கு வெறுங்காலோடு நடப்பது பற்றி: அந்த நைலான் இழை தெரியவில்லை என்றால், கூடாது. 3,500-க்கும் மேற்பட்ட படிகள், நடுப்பகல் வெயிலில் காய்ந்த கல், இவற்றில் கொப்புளம் எழுந்தாலும் அவருக்குத் தெரியாது. புரட்டாசி முடிந்து ஐப்பசியில் அந்தப் புண்களோடு வருகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பேருந்தில் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாம். நடந்தே தீர வேண்டும் என்றால், மருத்துவர் சம்மதித்த பிறகு, விடியற்காலையில், தடித்த காலுறையோடு சிறிது தூரம் மட்டும். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், சூடான மணல் மூட்டை, கரண்டியைக் காய்ச்சி வைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியட்டும், அணியும்முன் உதறட்டும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, தாங்கள் பார்த்தோ, சிவப்பும் வெடிப்பும் கொப்புளமும் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், மருந்துக்கடை ஆணிப் பட்டையை ஒட்டுவதும் புண்ணுக்கு வழி.

எரிச்சலுக்குத் தரப்படும் பிரகாபலின், டியூலாக்ஸிட்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை வலியை மட்டுமே அடக்கும். போன உணர்ச்சியை அவை கொண்டுவராது, நோயும் அவற்றால் மாறாது. முதல் வாரங்களில் தலைசுற்றலும் தூக்கமும் இருக்கும் என்பதால், இரவில் கழிவறைக்கு எழும்போது பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். பி12 குறைவுதான் என்று தெரிந்தால் தொடக்கத்தில் ஊசியும் பிறகு மாத்திரையும் தருவார்கள்; மெட்ஃபார்மின் தொடரும் வரை அதையும் தொடர வேண்டியிருக்கலாம். வெட்டுண்ட நரம்பு இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முழங்காலிலிருந்து விரல் நுனிக்கு அந்தக் கணக்கில் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், மூன்று வாரத்தில் பயனில்லை என்று மருந்தையோ மருத்துவரையோ மாற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நைலான் இழையால் அதே இடங்களில் சோதித்து, முன்பைவிடக் கூடுதல் இடங்களில் தெரிகிறதா என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள்.